ஒரு வீட்டில் இரு தாயம்

(கிழக்கேகோட்டையில் நடைபெற்ற சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் குறளின் நயத்தையும் சிலம்பின் சுவையையும் எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு செயலாளர் நம்மை அணுகி, ‘நீங்களும் ஏதேனும் பேசவேண்டும்’ என்றபொழுது சற்றே தயங்கினோம். நாம் பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து, ஓய்வு பெற்றோர், உயிர் நீத்தோர் ஆகியோரின் கோப்புகளோடு இருபதாண்டுகளுக்கு மேலாக உழன்றுவருகின்றோமேயன்றிப் புலவர் அல்லோம்; வழக்குரைஞரும் அல்லோம். ‘அந்தக் கோப்புகளில் கண்டதையே பேசுங்கள்’ என்றார் செயலாளர். ஆகவே இன்று சுவையற்ற பொருளொன்றைப் பேச வந்துள்ளோம். சோறு வேகும் மணம் வரும் வரையில் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

நம் குடியிருப்பில் வாழும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். தந்தை தென்காசிப் பக்கம்; தாய் ஆற்றிங்கலில் பிறந்த மலையாளப் பெண்மணி. அடுத்த வீட்டில் மாமியார் நாகர்கோயில், மருமகள் கோட்டயத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அதற்கடுத்த வீட்டுப் பிள்ளை வளைகுடா நாட்டில் வேலைக்குச் சென்று, உடன் பணிபுரிந்த அயல்நாட்டுப் பெண்ணை மணந்துகொண்டு வந்திருக்கிறான். மனம் ஒத்த பிறகு மொழியும் நாடும் குறுக்கே நிற்பதில்லை. நன்று. ஆனால் வீட்டுத்தலைவர் ஒருநாள் கண்ணை மூடியதும், ‘இந்த வீடு யாருக்கு?’ என்ற கேள்வி எழுகிறது. அப்பொழுதுதான் ஒரு கூரையின் கீழ் இரண்டு வழிகள், இரண்டு சட்டங்கள், சில வேளைகளில் மூன்று சட்டங்கள் இதுகாறும் ஒன்றாகக் குடியிருந்தன என்பது தெரியவருகிறது.

நாம் கூடியிருக்கும் இக்கிழக்கேகோட்டை இந்தக் கேள்விக்குப் பழைய சாட்சி. திருவிதாங்கூர் அரியணை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதில்லை. உடன்பிறந்தாள் மகனுக்கே சென்றது. 1729-இல் இராமவர்மா மன்னர் மறைந்தபொழுது மருமகனாகிய மார்த்தாண்ட வர்மா பட்டம் எய்தினார். மன்னரின் புதல்வர்களாகிய தம்பிமார் இருவரும் தந்தையின் உரிமை தமக்கே என்று கிளர்ந்தெழுந்து, உயிரையும் இழந்தனர். ‘தம்பிமார் கதை’ என்று அது நம் தென்னாட்டில் வில்லுப்பாட்டாகவே பாடப்பட்டது. சி. வி. இராமன் பிள்ளை 1891-இல் ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் நாவலாகவும் அதை எழுதினார். மன்னர்க்கு மாலையிட்ட அம்மச்சிமார் வாழ்ந்த அம்மவீடுகளை இந்தக் கோட்டைப் பகுதியில் நம்மில் பலர் நாள்தோறும் கடந்து செல்கின்றோம். மன்னரின் மனைவி அரசி அல்லள். அவள் பெற்ற பிள்ளை இளவரசனும் அல்லன். அரண்மனையிலேயே நிலைமை அதுவென்றால் ஏனைய வீடுகளைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

அது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. 1991-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா மறைந்தபின் பத்மநாப சுவாமி கோயிலின் நிர்வாக உரிமை யாரைச் சாரும் என்பது வழக்காயிற்று. 2011-இல் கேரள உயர் நீதிமன்றம் அரச குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மன்னர் மறைவால் அவ்வுரிமை அற்றுப்போகவில்லை, மரபுப்படி குடும்பத்திலேயே தொடர்கிறது என்றது. ஒரு மறைவுக்குப் பின் விடை கிடைக்க இருபத்தொன்பது ஆண்டுகள்! அவர்களுக்கு வழக்கை நடத்தும் வலிமை இருந்தது. ஆறு சென்ட் நிலத்தில் வீடு கட்டிய நமக்கு அது கட்டுமா?

‘மருமக்கத்தாயம் மலையாளிகளின் வழக்கம், தமிழராகிய நமக்கு என்ன?’ என்று சிலர் கேட்பர். நாஞ்சில்நாட்டு வேளாளர் தமிழரே. தமிழ் பேசி, தமிழில் பாடி, தமிழிலேயே கணக்கெழுதிய அம்மக்கள் சொத்துரிமையில் மருமக்கள் வழியினராய் இருந்தனர். காரணவர் தேடிய பொருள் அவர்தம் சகோதரியின் மக்களுக்குச் செல்லும். அவர் பெற்ற மக்களுக்கு ‘உகந்துடைமை’ என்று ஒரு சிறு பங்கு உண்டு, அவ்வளவுதான். கணவன் இறந்த அன்றே மனைவியும் மக்களும் அந்த வீட்டில் அயலார் ஆவர். அக்கொடுமையைத்தான் தேரூரில் பிறந்து இந்நகரிலே ஆசிரியராய் இருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள், ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி வாயிலாகச் சொல்லவைத்தார். நகைச்சுவை நூல் என்று அதைச் சொல்வார்கள். நமக்கு அதைப் படிக்கும்பொழுது பாதியிலேயே சிரிப்பு நின்றுவிடுகிறது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. 2012-இல் வெளிவந்த ‘ஒழிமுறி’ என்னும் மலையாளத் திரைப்படத்தைக் கண்டவர்களுக்கு இவ்வுலகம் ஓரளவு விளங்கியிருக்கும். அதன் கதையை எழுதியவர் நம் ஜெயமோகன் அவர்களே.

பின்னர் 1956 வந்தது. அவ்வாண்டு ஜூன் 17-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தன. நாஞ்சில்நாடு சென்னை மாநிலத்துக்கும், இந்நகர் கேரளத்துக்கும் போயின. ஒரே ஆண்டில் சட்டமும் மாறிற்று, எல்லையும் மாறிற்று. வயல் ஒரு மாநிலத்திலும் வீடு மற்றொரு மாநிலத்திலுமாக நம்மவர் பலர் வாழ நேர்ந்தது அன்று முதலே. நாம் சொல்லவரும் செய்தி அந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். கணக்கெழுதும் தொழில் நம்மை விடவில்லை. தென்காசியில் பிறந்த இந்து ஒருவர் கரமனையில் தம் சம்பளத்தில் ஆறு சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டினார் என்று கொள்வோம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள். ஊரில் வயதான தாய். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீடு மனைவிக்கே என்று அவள் நினைக்கிறாள். மகனுக்கே என்று ஊரார் நினைக்கின்றனர். சட்டம் நான்கு பேருக்கும் சமமாகக் கால் பங்கு தருகிறது. தாயும் முதல் வரிசை வாரிசு. இதில் அநீதி ஏதும் இல்லை. பெற்றவளுக்குப் பங்கு தந்தது அறமே. ஆனால் அந்தத் தாயும் உயில் எழுதாமல் மறைந்தால், அவருடைய கால் பங்கு அவர் பெற்ற மக்கள் அனைவருக்கும் செல்லும். அவருக்கு மூன்று பிள்ளைகள் எனில், இறந்தவரின் குழந்தைகள் இருவரும் சேர்ந்து அதில் ஒரு பங்கு பெறுவர். மற்ற இரண்டு பங்கு ஊரில் உள்ள அண்ணன் தம்பியருக்கு. அஃதாவது வீட்டில் பன்னிரண்டில் இரண்டு. ஆறு சென்ட்டில் ஒரு சென்ட். அந்த ஒரு சென்ட்டை எங்கே வெட்டி எடுப்பது? அடுக்களையிலா, கிணற்றடியிலா? வங்கிக்கடன் வாங்கவோ வீட்டை விற்கவோ வேண்டுமானால், கொழுந்தன்மார் இருவரும் பேருந்து ஏறி வந்து கையெழுத்திட வேண்டும். அவர்கள் நல்லவர்களாயின் வருவர். அவர்களும் மறைந்துவிட்டால் அவர்தம் மக்கள் வரவேண்டும். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டுத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்தவர்களுக்கு நாம் விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இனி இதன் மறுபக்கம். இதை நம் குடும்பங்களில் அறிந்தவர் மிகச் சிலரே என்பதால் சற்று நிறுத்திச் சொல்லுகின்றோம். மேற்சொன்ன சட்டம், பெண்ணொருத்தி உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து மகன், மகள், கணவன் ஆகியோருக்குச் சமமாகச் செல்லும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மருமக்கத்தாய வழியில் வந்தவர்களுக்கு வரிசையை மாற்றி வைத்திருக்கிறது. அவ்வழிப் பெண்ணின் சொத்து முதலில் மகன், மகள், தாய் ஆகியோருக்குச் செல்லும். அவர்கள் எவரும் இல்லையெனில் தகப்பனுக்கும் கணவனுக்கும். கணவன் இரண்டாம் படியில் நிற்கிறான்! மருமக்கத்தாய வழி என்றால் எது என்று விளக்குமிடத்தில் அச்சட்டம் நாயர் சட்டத்தையும் ஈழவர் சட்டத்தையும் சொல்வதோடு, நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஆகவே மலையாளப் பெண்ணை மணந்தவர் மட்டுமன்று, நாகர்கோயிலில் பெண்ணெடுத்தவரும் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

நம் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றோம், பெயர் வேண்டா. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். பள்ளி ஆசிரியையாகிய நாயர் பெண்மணியை மணந்தார். வீடு வாங்கும்பொழுது பத்திரச் செலவு, பெண்டாட்டி மேல் அன்பு, உறவினர் சொன்ன யோசனை எல்லாம் சேர்ந்து ஆதாரத்தை மனைவி பெயரிலேயே எழுதினார். தவணையைக் கட்டியது பெரும்பாலும் அவர் சம்பளம். அம்மையார் நோயுற்று ஐம்பது வயதுக்குள் காலமானார், உயில் இல்லை. இரு பிள்ளைகளோடு மாமியாரும் உயிரோடு இருந்தார். மூன்றில் ஒரு பங்கு மாமியாருடையது என்றார் வழக்குரைஞர். மாமியார் பொன்னான மனுஷி, ‘எனக்கெதற்கு வீடு?’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. எழுதச் சொல்ல நண்பருக்கு நா எழவில்லை. இரண்டாண்டில் அவரும் மறைந்தார். பின்பு மைத்துனர் இருவர் வந்தனர். ஒன்பதில் இரண்டு பங்கு தங்களுக்கு என்றனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். ஒருவருக்குக் கடன் கழுத்தை நெரித்தது. பணம் கட்டியவர் தாமே என்று நண்பர் வழக்காடலாம். ஆனால் மனைவி பெயரில் எழுதிய ஆதாரத்தை எதிர்த்து அதனை மெய்ப்பிக்க எத்தனை ஆண்டு! முடிவில் பேசித் தீர்த்து, சேமநல நிதியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். தாம் கட்டிய வீட்டைத் தாமே இரண்டாம் முறை வாங்கியவர் அவர். இன்றும் அந்த வீட்டில் அவர் பெயருக்குப் பங்கில்லை. பிள்ளைகளின் தயவில் இருக்கின்றார். பிள்ளைகள் நல்லவர்கள். அம்மையார் உயிரோடிருந்தபொழுது அரைப்பக்கத் தாளில் நான்கு வரி எழுதி இருவர் சாட்சியிட்டிருந்தால் இத்தனையும் இல்லை.

இதைக் கேட்டு, ‘அப்படியானால் வீட்டை மனைவி பெயரில் எழுதவேண்டா’ என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டா. அது நாம் சொல்லவந்ததற்கு நேர்மாறு. மனைவி பெயரில் எழுதுங்கள். இருவர் பெயரிலும் எழுதுங்கள். எழுதியதோடு இருவரும் உயிலும் எழுதுங்கள். உயில் உள்ள இடத்தில் 15-ஆம் பிரிவும் இல்லை. 17-ஆம் பிரிவும் இல்லை.

மகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. மணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்ட பெண்ணொருத்தி, பெற்றோர் வீட்டில் இருந்து படித்து, வேலை பார்த்துப் பொருள் சேர்த்தாள். பிள்ளை இல்லை, உயிலும் இல்லை. அவள் மறைந்தபின் அவள் சம்பாத்தியம் யாருக்கு என்ற வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம் கணவனின் உறவினருக்கே என்று தீர்ப்பளிக்க நேர்ந்தது. படிக்க வைத்த தாய்வழிக்கு ஒன்றுமில்லை! சட்டத்தின் சொற்கள் அப்படி இருந்தன. நீதிபதிகள் வருந்தியும் பயனில்லை. 2025 நவம்பரில் அதே நீதிமன்றம், இந்துப் பெண்கள் தாமதியாது உயில் எழுதிவைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டது. வேலைக்குச் செல்லும் நம் பெண்மக்கள், திருமணமாகாதவர் உட்பட, இதைத் தங்களுக்குச் சொன்னதாகவே கொள்ளவேண்டும்.

முன்னோர் சொத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தனர். நிலம் எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மண்ணின் சட்டத்தையும் பார்க்கவேண்டும் என்பதை மறவாதீர்கள். கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக்குடும்பமே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிறப்பால் வரும் உரிமை இங்கே நின்றது. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பம் தொடர்ந்தது. 1989 மார்ச் 25 முதல், அன்று வரை மணமாகாதிருந்த பெண்களும் அதில் சமபங்கினர் ஆயினர். 2005 செப்டம்பர் 9-இல் நடுவண் அரசின் திருத்தம் மணமான மகளுக்கும் அவ்வுரிமையைத் தந்தது. அத்தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற நெடுநாள் ஐயத்தை, வேண்டுவதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கேரளச் சட்டமும் இத்திருத்தமும் மோதுகின்றனவே என்ற கேள்விக்கு, 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புரைத்தது. நெல்லையில் வயலும் இங்கே வீடும் உடையவர், தங்கை தமக்கையரை விட்டுவிட்டுப் பாகப்பத்திரம் எழுதும் பழக்கத்தை இத்தோடு நிறுத்துவது நலம். சீர் செய்தோம், நகை போட்டோம் என்பது சட்டத்தின் முன் விடையாகாது.

இனி வேறு சமயத்தாரையும் அயல்நாட்டாரையும் மணந்த பிள்ளைகள். இந்து ஒருவர் கிறிஸ்தவரையோ அயல்நாட்டுப் பெண்ணையோ 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தால், அவர் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மக்களுக்கு மூன்றில் இரண்டு. மக்கள் இருக்கையில் பெற்ற தாய்க்கு ஒன்றுமில்லை! அதே பதிவு அலுவலகத்தில் இந்து இந்துவை மணந்தாலோ, 1976-இல் வந்த திருத்தத்தின்படி இந்து வாரிசுரிமைச் சட்டமே தொடரும், தாய்க்கும் பங்குண்டு. ஒரே தாய் பெற்ற இரு மகன்களில் மூத்தவன் இறந்தால் அவளுக்குக் கால் பங்கு. இளையவன் இறந்தால் வெறுங்கை. மகனை நம்பி ஊர் நிலத்தை விற்று அவன் பெயரில் அடுக்ககம் வாங்கக் கொடுத்த தாய்மார் இங்கே இருப்பின், இதை இன்றிரவே மகனிடம் பேசுக.

கிறிஸ்தவ அன்பர்களுக்கு ஒரு சொல். 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டம், மகனுக்குரியதில் கால் பங்கு அல்லது ஐந்தாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றிருந்தது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், 1951 முதலே அச்சட்டம் செல்லாது என்று அறிவித்தது. மகளுக்கும் மகனுக்கும் சமமே. இஸ்லாமிய அன்பர்கள், வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க இயலாது என்பதை அறிந்தே இருப்பர்.

அயல்நாட்டு மருமகள் நம் சொத்தைப் பெறமுடியுமா என்று ஒருவர் கேட்டார். முடியும். இந்தியாவில் வாழ்ந்தவரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்தை வெளிநாட்டில் வாழ்பவர் வைத்துக்கொள்வதை அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. பிற நாடுகள் இதில் நம்மைவிடக் கடுமையாய் இருப்பதும் உண்டு. வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகளோடு பணிபுரியும் பிலிப்பைன்ஸ் நாட்டவரை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் 1987-ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி அயல்நாட்டார் அங்கே நிலம் உடைமையாகக் கொள்ள இயலாது. வாரிசுரிமை வழியாக வருவது ஒன்றே விலக்கு. அந்த விலக்கும் உயில் வழி வருவதற்குப் பொருந்தாது என்று அவர்தம் உச்ச நீதிமன்றம் 1982-லேயே, முந்தைய அரசியல் சட்டத்தில் இருந்த அதே விதியை ஆராய்ந்து சொல்லியிருந்தது. மேலும் அங்கே ஒருவர் என்ன உயில் எழுதினாலும், சொத்தில் பாதி மக்களுக்கென்று சட்டமே ஒதுக்கிவைக்கிறது. இங்கே இந்துவோ கிறிஸ்தவரோ தாம் தேடிய சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதலாம். ஆகவே அந்நாட்டுப் பெண்ணை மணந்த நம் பிள்ளை இங்கேயுள்ள வீட்டுக்கு உயில் எழுதவேண்டும். அங்கே மனைவிக்கு வரும் நிலத்தைப் பற்றி அந்நாட்டு வழக்குரைஞரைக் கேட்கவேண்டும். இரண்டையும் ஒரே தாளில் அடக்க முயல்வது குழப்பத்தை விலைக்கு வாங்குவதாகும்.

நம் சொந்தத் தொழிலுக்கு வருவோம். அலுவலகத்தில் கொடுக்கும் நியமனப் படிவத்தை உயில் என்று நினைப்பவர் பலர். நியமனதாரர் பெரும்பாலான இனங்களில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கையே ஒழிய உடையவர் அல்லர். காப்பீட்டுப் பணத்தைப் பொறுத்து 1983-லும், பங்குகளைப் பொறுத்து 2023-லும் உச்ச நீதிமன்றம் அப்படியே சொல்லிற்று. காப்பீட்டில் மட்டும் பெற்றோர், மனைவி, மக்கள் நியமனதாரராயின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களுக்கே உரிமை தருகிறது. வேலையில் சேர்ந்த அன்று, மணமாகாத காலத்தில், தகப்பனார் பெயரையோ தாயார் பெயரையோ எழுதிக் கொடுத்தவர் எத்தனையோ பேர். மணமாகி, பிள்ளை பிறந்து, அப்பிள்ளைக்கே மணமான பின்னும் அந்தத் தாள் அப்படியே கோப்பில் உறங்குகிறது. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், அரசு ஊழியர் ஒருவர் மணத்துக்கு முன் சேமநல நிதிக்குத் தாயின் பெயரை எழுதி, மணத்துக்குப் பின் அதை மாற்றாமலே இறந்திருந்தார். மாமியாரும் மருமகளும் நீதிமன்றம் ஏறினர்; தொகை இருவருக்கும் சரிபாதி என்று முடிந்தது. அவ்விருவரும் கணவனை, மகனை இழந்து ஒன்றாக அழுதிருக்க வேண்டியவர்கள் அன்றோ!

குடும்ப ஓய்வூதியமோ உயிலுக்கே கட்டுப்படாது. இரயில்வே ஊழியர் ஒருவர் சகோதரருக்கு உயில் எழுதிவைத்து இறந்தார். சகோதரர் உரிமை கோரினார். குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தன்று, அது விதிகளின்படி மனைவி மக்களுக்கே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த மனைவி மனைவியே என்பதற்குத் தாள் வேண்டும். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, பதிவு செய்யாமல், பணிப்பதிவேட்டிலும் பெயர் சேர்க்காமல் இருபதாண்டு வாழ்ந்துவிட்டு, பின்பு கண்ணீரோடு நம் மேசைக்கு முன் நிற்கும் பெண்களைக் கண்டிருக்கின்றோம். வேற்று மொழி, வேற்று சமயம், இரு வீட்டாருக்கும் விருப்பமில்லாத திருமணம் என்றால் இது இன்னும் மிகுதி. அத்தகைய மணம் புரிந்தவர்களே முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்கள். ஏனெனில் அவர்களுக்குச் சாட்சி சொல்ல உறவினர் வரமாட்டார்கள்.

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவது உண்டு. பயணச்சீட்டு வாங்கியவன் எல்லாம் அன்றே இரயில் ஏறிவிடுகின்றானா? இன்னும் சிலர், எதற்கு உயில், இப்பொழுதே மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகின்றேன் என்பர். தானப் பத்திரமாகவோ இங்குள்ளோர் சொல்லும் தனநிச்சய ஆதாரமாகவோ எழுதிவிட்டால் வீடு அன்றே கைமாறிவிடும். அப்படி எழுதியே தீரவேண்டுமெனில், எம்மைப் பேணிக்காக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கவேண்டும். 2007-ஆம் ஆண்டு மூத்தோர் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, அந்நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். உயிலுக்கு இத்தொல்லை இல்லை. உயிரோடு இருக்கும் வரை வீடு உம்முடையது. மனம் மாறினால் வேறு எழுதலாம். கடைசியாக எழுதியதே நிற்கும்.

எழுதும் முறை எளிது. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டா. தமிழிலேயே எழுதலாம், இங்கே பதிவு செய்வதாயின், சார்பதிவாளருக்குத் தமிழ் தெரியாதபொழுது மலையாள மொழிபெயர்ப்பை இணைத்தால் ஆயிற்று. பதிவு கட்டாயம் இல்லையெனினும், உறவினர் இரண்டு மாநிலங்களில் இருக்கும் நம்போன்றோர் பதிவு செய்வதே நலம். எழுதுபவர் கையெழுத்திடுவதை இரு சாட்சிகள் கண்ணால் கண்டு தாமும் கையெழுத்திடவேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். சாட்சிகள் உங்களைவிட இளையவராக இருக்கட்டும். பின்னாளில் நீதிமன்றத்தில் நின்று பேச ஒருவராவது வேண்டும். முதுமையில் எழுதுவோர், மனத்தெளிவோடு இருக்கின்றார் என்று மருத்துவரிடம் ஒரு சான்று பெற்று உடன் வைக்கலாம். கேரள நிலத்துக்குச் சர்வே எண்ணும் தண்டப்பேர் எண்ணும், தமிழ்நாட்டு நிலத்துக்குப் புல எண்ணும் பட்டா எண்ணும் தவறாமல் குறிக்கவேண்டும். அவை இல்லையெனில் போக்குவரவுக்குக் கிராம அலுவலகத்திலும், பட்டா மாறுதலுக்கு அங்கேயும் நடந்து கால் தேயும். யாருக்கேனும் பங்கு கொடுக்கவில்லையெனில், கொடாததன் காரணத்தை வசையின்றி ஒரு வரியில் எழுதுக. மறந்துவிட்டார் என்று பிறர் வாதிட இடமிராது.

எழுதிய உயிலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை மனைவிக்கும் மக்களில் ஒருவருக்கும் சொல்லுங்கள். கணவர் உயில் எழுதியதாகச் சொன்னாரே, எங்கே என்று தெரியவில்லையே என்று பீரோவைக் கவிழ்த்துத் தேடியவர்களையும் நாம் அறிவோம்.

பணியில் இருக்கும் அன்பர்களுக்காக நியமனப் படிவங்கள் சில கொண்டு வந்திருக்கின்றோம். உணவுக்குப் பின் வாயிலருகே உள்ள மேசையில் இருப்போம். மனைவியின் பெயரை ஆதாரத்தில் உள்ளபடியே எழுத்துப் பிழையின்றி எழுதவேண்டும் என்பதால், அவர்களையும் உடன் அழைத்து வாருங்கள்.